செகண்ட் ஹேண்ட் கார் ஸ்டீரியோவை நானே மாட்டினேன், வால்யூம் ஏற்றினால் அணைந்துவிடுகிறது. விற்றவர் ஏமாற்றிவிட்டாரா?

அந்தக் கடைசி வார்த்தைக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஏமாற்றியிருக்கலாம், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கடைக்குச் சண்டைக்குக் கிளம்பும் முன்னால் செட்டின் கறுப்பு வயரை எங்கே முடுக்கியிருக்கிறீர்கள் என்று ஒரு தடவை போய்ப் பாருங்கள். நான் பார்க்காமல் போனேன். அந்த அசிங்கத்தை இதுவரை வீட்டில்கூட முழுசாகச் சொன்னதில்லை.

நீங்கள் எழுதியிருப்பதை வைத்து நான் புரிந்துகொண்டது இவ்வளவுதான்: பழைய செட், ஒரு சின்ன ஆம்ப் (சத்தத்தைக் கூட்டும் ஆம்ப்ளிஃபயர்), ஒரு ஜோடி ஓவல் ஸ்பீக்கர், எல்லாம் சேர்த்து நாலாயிரத்துச் சொச்சம். மாட்டித் தர 1500 கேட்டார்கள், கொடுக்க மனசில்லை, வீடியோ பார்த்து நீங்களே மாட்டிவிட்டீர்கள். என்ன வண்டி என்று சொல்லவில்லை. பழைய வண்டிதான் என்று எடுத்துக்கொள்கிறேன். ஏர்பேக் வைத்த, வாரண்டியில் இருக்கிற வண்டி என்றால் தயவுசெய்து இதோடு நிறுத்திவிட்டுக் கடைக்கே போங்கள். டேஷ்போர்டுக்குள் மஞ்சள் உறை போட்டு ஓடும் வயர்க்கட்டு ஏர்பேக்கினுடையது. அதில் மீட்டர் வைத்து விளையாடக் கூடாது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பி.காம். ஒரு தனியார் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். ஓம் விதி பத்தாம் வகுப்போடு போய்விட்டது. எலக்ட்ரிக்கல் படித்தவர்கள் கீழே வந்து 'இது தவறு, அது தவறு' என்று எழுதப் போவது தெரியும். எழுதுங்கள், நானும் கற்றுக்கொள்கிறேன். ஆனால் 'தெரியாதவன் ஏன் தொட வேண்டும்' என்று மட்டும் எழுதாதீர்கள். தெரிந்த ஒருவரிடம் விட்டு என் அப்பாவின் வண்டியில் நடந்தது தனிக் கதை. கம்பெனி கப்ளரை, அதாவது வயர்களைச் சேர்த்துச் செருகும் பிளக்கை, வெட்டி எறிந்துவிட்டு, வயர்களைக் கையால் முறுக்கி, டேப்புக்குப் பதிலாக மெடிக்கல் ஷாப் பிளாஸ்திரி சுற்றியிருந்தார் அந்தத் தெரிந்தவர்.

வண்டி மாருதி 800. அப்பா 2007-ல் புதிதாக எடுத்தது. அவர் போன பிறகு விற்கச் சொன்னார்கள், நான் விற்கவில்லை. இந்த வண்டியைப் பற்றிப் பேசினாலே எனக்கு வேறு ஒரு எரிச்சல் வந்துவிடும், அதையும் சொல்லிவிடுகிறேன். 15 வருடம் ஆன காருக்கு ஆர்.சி. புதுப்பிக்கும் கட்டணம் 600 ரூபாயாக இருந்தது. 2022 ஏப்ரல் 1-லிருந்து 5000 ஆக்கினார்கள். என் வண்டிக்கு 15 முடிந்தது அதே வருஷம் ஜூனில். இரண்டு மாதம்! பசுமை வரி தனி. வருஷத்துக்கு மூவாயிரம் கிலோமீட்டர் தாண்டாத வண்டி இது. தினம் இருநூறு கிலோமீட்டர் ஓடும் புது டீசல் வண்டிக்காரர் என்னைப் பார்த்து 'சுற்றுச்சூழல்' என்கிறார். ஆபீசில் ஒருவர், "அந்த வண்டி விலைக்கு மேல பாட்டுப்பெட்டி மாட்டுறீங்களா சார்?" என்று கேட்டார். அவர் பையன் காலேஜுக்குக் கொண்டுபோகும் போனின் விலை எனக்குத் தெரியும், நான் எதுவும் கேட்கவில்லை. சரி, விடுங்கள்.

சென்னையில் பழைய வண்டிச் சாமான் விற்கும் புதுப்பேட்டையில் வாங்கினேன். தெருப் பெயர் வேண்டாம். வாசலில் கதவுகள் சாத்தி வைத்திருக்கும், உள்ளே ஒருக்களித்துத்தான் நுழைய வேண்டும். உரிமையாளர் அறுபது வயதுப் பெரியவர், எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். செட் 1400, இரண்டு சேனல் ஆம்ப் 1800, ஆறுக்கு ஒன்பது இன்ச் ஓவல் ஸ்பீக்கர் ஒரு ஜோடி 900. எல்லாவற்றையும் கடையிலேயே ஒரு பழைய பேட்டரியில் கொடுத்துப் பாட வைத்துக் காட்டினார். செட்டுக்குப் பின்னால் மாட்டும் கப்ளரையும் வயரோடு தேடி எடுத்துத் தந்தார். பழைய செட் வாங்குபவர்கள் இதை விடவே கூடாது. அந்தக் கப்ளர் இல்லாமல் வாங்கினால் பிறகு அதே மாடலுக்கு அலைய வேண்டும்.

பெட்டியில் 50 வாட்ஸ் இன்டு 4 என்று போட்டிருந்தது. அப்போது நம்பினேன். இப்போது கணக்கு போடத் தெரியும். செட்டின் பின்னால் செருகியிருக்கும் ஃபியூஸைப் பாருங்கள், என்னுடையதில் 10 ஆம்பியர். இன்ஜின் ஓடும்போது வண்டியில் அதிகபட்சம் 14.4 வோல்ட். பெருக்கினால் 144 வாட்ஸ். உள்ளே வருவதே 144, இதில் வெளியே 200 எப்படிப் போகும்? அதிலும் கிட்டத்தட்டப் பாதி சூடாகப் போய்விடும். ஆக, ஒரு ஸ்பீக்கருக்குப் பதினெட்டு, இருபது வாட்ஸ் கிடைத்தால் நல்ல செட். வரவைவிடச் செலவு அதிகமாக எழுதிய கணக்கை ஆடிட்டரிடம் கொண்டுபோக முடியுமா? இவர்கள் பெட்டியிலேயே அச்சடிக்கிறார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இட்லி சாப்பிட்டுவிட்டு ஆரம்பித்தேன். பேட்டரியில் மைனஸைக் கழற்றினேன். எப்போதும் மைனஸைத்தான் முதலில் கழற்ற வேண்டும். பிளஸை முதலில் கழற்றப் போய் ஸ்பேனர் பாடியில் இடித்தால் பொறி பறக்கும். செட் வைக்கும் ஓட்டை பெரும்பாலான பழைய வண்டிகளில் ஒரே அளவு, சுமார் 180-க்கு 50 மில்லிமீட்டர், அதில் பிரச்சனை இல்லை. வயர்தான். செட்டில் மஞ்சள் என்றால் பேட்டரியிலிருந்து எப்போதும் வரும் லைன், சிவப்பு என்றால் சாவி போட்டால் வரும் லைன், கறுப்பு எர்த், அதாவது வண்டியின் இரும்பு பாடி வழியாக பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் லைன். வெள்ளை முன் இடது ஸ்பீக்கர், சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது, கறுப்புக் கோடு போட்டது மைனஸ். இதெல்லாம் செட் பக்கத்து நிறம். வண்டிப் பக்கத்து நிறத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. நான் நிறத்தைப் பார்த்து ஜோடி சேர்த்தேன். மஞ்சளும் சிவப்பும் இரண்டுமே பேட்டரி லைனில் போய் உட்கார்ந்தன, சாவியை எடுத்த பிறகும் செட் பேட்டரியை உறிஞ்சிக்கொண்டே இருந்தது. மூன்றாம் நாள் காலை வண்டி 'கடக்' என்று ஒரு சத்தம் போட்டுப் படுத்துவிட்டது. வாட்ச்மேனும் பால்காரரும் தள்ளினார்கள். அதன் பிறகுதான் 350 ரூபாய்க்கு ஒரு மல்டிமீட்டர் வாங்கினேன். அதை முதல் நாளே வாங்கியிருந்தால் இந்தப் பதிலுக்கே வேலை இருந்திருக்காது.

ஆம்புக்கு பேட்டரியிலிருந்து தனி வயர். அதில் மட்டும் நான் கஞ்சத்தனம் பார்க்கவில்லை. வயரை வாங்கும்போது முனையைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியம், மேலே செம்பு பூசியிருக்கிறார்கள். பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஃபியூஸ், இன்ஜின் தகட்டைத் தாண்டும் ஓட்டையில் ரப்பர் வளையம். இந்த இரண்டும் இல்லாமல் பாட்டே கேட்காதீர்கள். வயர் தகட்டில் உரசி இன்சுலேஷன் கிழிந்தால் தீப்பிடிக்கும். இது பயமுறுத்தல் இல்லை.

இப்போது கறுப்பு வயருக்கு வருகிறேன். ஆஷ்ட்ரேவுக்குப் பின்னால் ஒரு இரும்புப் பட்டையில் கைக்கு எட்டும் இடத்தில் ஒரு ஸ்க்ரூ இருந்தது. இரும்புதானே, பாடி எர்த்துதானே என்று அதில் சுற்றி முடுக்கிவிட்டேன். பட்டைக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தது. அதைப் பார்த்தேன், பார்த்தும் முடுக்கினேன். ஏரியல் ஒடிந்து கிடந்ததால் ரேடியோ வயரையும் மாட்டவில்லை. டேஷ்போர்டு பிளாஸ்டிக், செட்டின் உடம்பு வண்டியின் இரும்பில் எங்கும் படாது. இந்த மூன்றும் சேர்ந்துதான் என்னைப் பழிவாங்கின.

முதல் இரண்டு நாள் அருமையாகப் பாடியது. என் மனைவிகூட, "பரவாயில்லையே" என்றாள். அவள் வாயிலிருந்து அது வருவது வருஷத்துக்கு இரண்டு தடவை. மூன்றாம் நாள்தான் பேட்டரிக் கூத்து. அதைச் சரிசெய்துவிட்டு அன்று சாயங்காலம் வில்லிவாக்கம் பாலம் ஏறும்போது கொஞ்சம் சத்தம் வைத்தேன். செட் அணைந்து திரும்ப எரிந்தது. செட்டின் கடிகாரம் 12:00-க்குத் திரும்பியிருந்தது. மறுபடி வைத்தேன், மறுபடி அணைந்தது. அதோடு ஸ்பீக்கரிலிருந்து 'கீய்ங்ங்' என்று ஒரு சத்தம். ஆக்சிலரேட்டரை மிதித்தால் அதுவும் ஏறுகிறது, விட்டால் இறங்குகிறது. டிரைவருக்குப் பின்னால் ஒரு கொசு உட்கார்ந்துகொண்டு வண்டியோடு சேர்ந்து கியர் போடுவது மாதிரி.

ஒரு கடையில் 'நாய்ஸ் ஃபில்டர்' என்று 250 ரூபாய்க்கு ஒரு டப்பா தந்தார்கள். கொசுவின் குரல் கொஞ்சம் கனத்தது, அவ்வளவுதான்.

சனிக்கிழமை செட்டைப் பிடுங்கிக்கொண்டு புதுப்பேட்டைக்குப் போனேன். பாய் அதே பழைய பேட்டரியில் மாட்டினார். முழு வால்யூமில் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி பாடியது. "நல்லாத்தானே பாடுது தம்பி" என்றார். அந்த வார்த்தைதான் எனக்குப் பொறுக்கவில்லை. ரிப்பேர் செட்டைத் தலையில் கட்டிவிட்டு நடிக்கிறீர்களா என்று கேட்டேன். இன்னும் என்னென்னவோ கேட்டேன், இங்கே எழுத முடியாது. பக்கத்துக் கடைப் பையன்கள் வந்து நின்றுவிட்டார்கள். அவர் திருப்பி ஒரு வார்த்தை பேசவில்லை. கல்லாவைத் திறந்து ஐந்து நூறு ரூபாய்த் தாள்களை எண்ணி மேஜையில் வைத்தார். "செட்டையும் நீயே வச்சுக்கோ தம்பி, சத்தம் போடாதே, வியாபார நேரம்" என்றார். வாங்கிக்கொண்டு வந்தேன். ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது. வழியில் கரும்பு ஜூஸ்கூடக் குடித்தேன்.

எங்கள் அபார்ட்மென்டில் கீழ் வீட்டு சார் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியனாக இருந்து ரிட்டயர் ஆனவர். வண்டி நிற்கும் இடம் அவர் ஜன்னலுக்கு நேர் எதிர். இரண்டு வாரமாக நான் செய்ததை எல்லாம் ஜன்னலுக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். கேட்டால்தான் வருவார், அந்தக் காலத்து ஆள். கேட்டேன்.

"மீட்டர் இருக்கா?" என்றார். டி.சி. 20 வோல்ட்டில் திருப்பினார். செட்டை ஓட வைத்து, ஒரு முனையை பேட்டரி மைனஸில் ஒரு நீள வயரோடு பிடிக்கச் சொன்னார். இன்னொரு முனையை, ஆஷ்ட்ரே ஓட்டைக்குள் கையை விட்டு, என் கறுப்பு வயர் முனையில் வைத்தார். "இது எவ்வளவு காட்டணும்?" என்றார். எனக்குத் தெரியவில்லை. "இதுவும் மைனஸ், அதுவும் மைனஸ். பூஜ்யம்தானே காட்டணும்?" மீட்டரில் 2.31. வால்யூமை ஏற்றச் சொன்னார். 2.9, 3.4, அப்புறம் செட் அணைந்து மீட்டர் விழுந்தது.

"ரயில் பெட்டியில 110 வோல்ட் டி.சி. பார்த்தவன் நான். போற வழியை எல்லாரும் ஒழுங்காப் போட்டுடுவான். திரும்பி வர்ற வழியிலதான் கோட்டை விடுவான்" என்றார்.

அவர் சொன்னதை என் மூளைக்கு எட்டியபடி சொல்கிறேன். பன்னிரண்டரை வோல்ட்டில் மூன்றரை அந்தப் பெயின்ட் அடித்த ஸ்க்ரூவிலேயே செலவாகிவிடுகிறது. மிச்சம் ஒன்பதில் செட் எப்படி நிற்கும்? அதனால் அணைந்து எரிகிறது. சரி, முதல் இரண்டு நாள் எப்படிப் பாடியது? அதைக் கேட்டபோது அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ஆம்பைப் பார்த்தார். செட்டிலிருந்து ஆம்புக்குப் பாட்டைக் கொண்டுபோகும் ஆர்.சி.ஏ. கேபிளின் வெளி உறையும் எர்த்துதான். ஆம்புக்கு நான் நல்ல எர்த் கொடுத்திருந்தேன். செட்டுக்குச் சொந்த எர்த் சரியில்லாததால் அதன் கரண்டில் பெரும்பகுதி அந்த மெல்லிய உறை வழியாக, ஆம்ப் வழியாக, கள்ளத்தனமாகத் திரும்பிப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. ஏரியல் மாட்டியிருந்தால் அதன் உறையும் கொஞ்சம் சுமந்திருக்கும். இரண்டு நாளில், சத்தம் வைத்த ஏதோ ஒரு நேரத்தில், அந்தக் கள்ள வழி எரிந்துவிட்டது.

எங்கே எரிந்தது என்பதையும் காட்டினார். மீட்டரைப் 'பீப்' சத்தத்தில் வைத்து, ஆர்.சி.ஏ. வாயின் வெளி வளையத்தையும் செட்டின் இரும்பு உடம்பையும் தொட்டார். பீப் வர வேண்டும், வரவில்லை. மேல் மூடியைக் கழற்றினோம். ஆர்.சி.ஏ. வாய்க்குப் பக்கத்தில், போர்டில், அரிசி மணி அளவுக்கு ஒரு சின்ன ஃபியூஸ். சில செட்டுகளில் இந்த எர்த்துக்கென்றே வைத்திருப்பார்களாம். அது போயிருந்தது. கொசுச் சத்தத்துக்கு அதுதான் காரணம். அந்த எர்த் அறுந்துவிட்டால் ஆல்டர்னேட்டரின் (இன்ஜினோடு சுற்றி பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஜெனரேட்டர்) சத்தம் பாட்டோடு சேர்ந்து ஆம்புக்குள் போய்விடும். ஓடிக்கொண்டிருக்கும் செட்டில் ஆர்.சி.ஏ. பின்னைப் பிடுங்கிச் செருகினாலும் இது போகுமாம். அதையும் நான் நாலைந்து தடவை செய்திருக்கிறேன்.

கறுப்பு வயரை அங்கிருந்து எடுத்து, பெடலுக்குப் பக்கவாட்டில் கம்பெனிக்காரனே எர்த் முடுக்கியிருக்கும் போல்ட்டுக்குக் கொண்டுபோனோம். உப்புத்தாள் போட்டு, தகடு பளபளக்கும் வரை தேய்த்து, வயர் முனையில் ரிங் லக் (வளைய முனை) வைத்து முடுக்கினோம். மீட்டரில் 0.04. ஃபியூஸுக்குப் பதில் அவர் ஆர்.சி.ஏ. வெளி வளையத்திலிருந்து செட்டின் உடம்புக்கு ஒரு சின்ன வயரைச் சால்டர் வைத்தார். அதே மதிப்பில் புது ஃபியூஸ் போடுவதுதான் முறை, தெரியும், அதற்காகச் சண்டைக்கு வராதீர்கள். எர்த் சரியாக இருக்கும்வரை அந்த வழியில் கரண்ட் போக வேண்டிய அவசியமே இல்லை என்றார், நான் நம்பினேன். மூன்று வருஷமாகப் பாடுகிறது. கொசுவும் இல்லை.

ஆகவே உங்களுக்கு. அந்த மீட்டர் சோதனையை முதலில் செய்யுங்கள். செட் ஓடும்போது 0.1-க்கு மேல் காட்டினால் எர்த்தைப் பாருங்கள். எர்த் சுத்தமாக இருந்தும் அணைகிறது என்றால் மஞ்சள் வயரில் வோல்ட்டேஜ் விழுகிறதா என்று அதேபோல பேட்டரி பிளஸிலிருந்து பாருங்கள். அதுவும் சரி என்றால் ஸ்பீக்கர் வயர் எதுவும் பாடியில் தொடுகிறதா பாருங்கள். கேசட் காலத்து வண்டிகள் சிலவற்றில் ஸ்பீக்கரின் ஒரு முனையைப் பாடியிலேயே கொடுத்திருப்பார்கள், அதை அப்படியே விட்டுப் புதுக் காலத்து செட்டை மாட்டினால் பாதுகாப்புக்காக அது அணைந்துகொள்ளும், இல்லையென்றால் உள்ளே பாட்டைப் பெருக்கும் ஐ.சி. சில்லு போய்விடும். இதெல்லாம் பார்த்து எதுவுமே இல்லை என்றால் அப்புறம் போய்ச் சண்டை போடுங்கள், நான் தடுக்கவில்லை.

அந்த ஐந்நூறு ரூபாயைப் பற்றி யாரும் கேட்கும் முன் நானே சொல்லிவிடுகிறேன். அடுத்த மழைக்காலத்தில் ஓவல் ஸ்பீக்கரின் ஓரத்து ஃபோம் பொடிப் பொடியாக உதிர்ந்துவிட்டது. பழைய ஸ்பீக்கரில் அது வயசுக் கோளாறு, அதற்குக்கூட பாயைக் குறை சொல்ல முடியாது. வேறு கடைக்குப் போயிருக்கலாம். அவரிடமே போனேன். என்னை அடையாளம் தெரிந்தது, ஆனால் காட்டிக்கொள்ளவில்லை. ரப்பர் ஓரம் வைத்த ஒரு ஜோடியை எடுத்து வைத்தார். எவ்வளவு என்றேன். "1300." பேரம் பேசவில்லை. 1800 எடுத்து நீட்டினேன். ஏன் என்று சொல்ல வாய் வரவில்லை. அவர் எண்ணிப் பார்த்துவிட்டு ஐந்நூறைத் திருப்பி மேஜையில் வைத்தார், என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் கட்டிக் கொடுத்த அட்டைப் பெட்டியை மறுபடி பிரித்தார்.

"இரு தம்பி, உன் கண் முன்னாலேயே இன்னொரு வாட்டி செக் பண்ணித் தந்துடறேன்" என்று சொல்லி, சுவரில் ஓடிக்கொண்டிருந்த கடிகாரத்தை இறக்கி, அதிலிருந்த செல்லைக் கழற்றி, ஒவ்வொரு ஸ்பீக்கராக இரண்டு முனையிலும் தொட்டுத் தொட்டுக் காட்டினார். கோன் 'டப்' என்று முன்னால் வந்து போனது. நான் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினேன்.